கத்தியின்றி ரத்தமின்றி: ஒரு நடைப்பாட்டு நாட்டுப்பாட்டான கதை

யார் கட்டினது என்று தெரியாத பாட்டைத்தான் நாட்டுப்பாட்டு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் கட்டினவர் பேர், ஊர், எந்த வருஷம், எதுக்காகக் கட்டினார் என்பதெல்லாம் அச்சில் இருக்கும்போதே ஒரு பாட்டு நாட்டுப்பாட்டாக மாறிவிட முடியுமா? முடியும்ங்க. நம்ம கொங்குப் பக்கத்துக்காரர் ஒருத்தர் எழுதிய பாட்டுக்கே அது நடந்திருக்கிறது. 'கத்தியின்றி ரத்தமின்றி' என்று தொடங்குகிற அந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

இந்த வேலையில் இறங்கியதும் முதலில் செய்தது ஒரு சின்ன விசாரணை. கிணத்துக்கடவு காய்கறி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏத்துகிறவர்கள், பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், எனக்குத் தெரிந்த இரண்டு வாத்தியார்கள் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன். "இந்தப் பாட்டு தெரியுமுங்களா?" எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதல் அடியை உடனே சொன்னார்கள். "யார் எழுதுனதுங்க?" என்றால், "பாரதியார்தானுங்களே" என்றார்கள் பலர். சிலர், "அது அந்தக் காலத்துப் பாட்டுங்க, யார் எழுதுனாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்கள். இந்த இரண்டாவது பதில்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

பாரதியார் இல்லை என்பதைக் காட்டப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பாரதி காலமானது 1921 செப்டம்பரில். இந்தப் பாட்டு பிறந்தது 1930-ல் நடந்த உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக. இடையில் ஒன்பது வருஷம் இருக்கிறது. எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை.

படம் எழுதியவர், பாட்டும் எழுதினார்

இராமலிங்கம் பிள்ளை 1888 அக்டோபர் 19-ல் மோகனூரில் பிறந்தார். நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரிக் கரையில் இருக்கிற ஊர். அப்பா வெங்கடராமன் போலீஸ் வேலையில் இருந்தவர். பள்ளிப்படிப்பு நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் நடந்தது, கல்லூரி திருச்சியில். அவருக்குக் கைவந்த முதல் கலை ஓவியம்தான். டெல்லி தர்பார் நடந்த காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் படத்தை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கியவர். மன்னரைப் படமாக எழுதிய அதே கைதான் பிற்பாடு அந்த மன்னரின் உப்புச் சட்டத்தை எதிர்த்து நடந்தவர்களுக்குப் பாட்டும் எழுதிக்கொடுத்தது.

அரசியலில் அவர் முதலில் திலகர் பக்கம் சாய்ந்தவர். காந்தியின் வழிக்கு வந்தது அதற்குப் பிறகு. இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். ஆயுதம் இல்லாத போர் என்பதைப் பிறந்ததிலிருந்தே நம்பின ஆள் இல்லை அவர். யோசித்து, மனசு மாறி வந்தவர். அதனால்தான் பாட்டில் ஒரு வியப்பு இருக்கிறது. 'இப்படியும் ஒரு சண்டை உண்டா?' என்று ஆச்சரியப்படுகிற குரல் அதில் கேட்கும்.

திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை

காந்தி 1930 மார்ச் 12-ல் சபர்மதியிலிருந்து கிளம்பி ஏப்ரல் 6-ல் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். அடுத்த வாரமே, ஏப்ரல் 13-ல், தமிழ்ப் புத்தாண்டு நாளில், ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 28-ல். ஏறக்குறைய 150 மைல், 15 நாள், சித்திரை வெயில்.

ராஜாஜிக்கும் நம்ம பக்கத்துக்கும் அப்போது நெருங்கின தொடர்பு உண்டு. 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதரும் மதுவிலக்கும் என்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நாமக்கல்லும் திருச்செங்கோடும் அடுத்தடுத்த ஊர்கள்தானே.

அந்தத் தொண்டர்கள் வழிநெடுகப் பாடிக்கொண்டு நடப்பதற்காகத்தான் இந்தப் பாட்டு எழுதப்பட்டது. ஆக இது ஏட்டில் படிக்க எழுதின கவிதை இல்லை, காலால் நடந்துகொண்டே பாட எழுதின வேலைப்பாட்டு. தலைப்பாக இருக்கிற அந்தச் சொற்களையே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. கத்தி, யின்றி, ரத்த, மின்றி. நான்கு சிறு துண்டுகள், நான்கும் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் முதல் எழுத்துக்கு ஒரு அழுத்தம், அதோடு ஒரு எட்டு. ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, சுண்ணாம்பு இடிக்கிற பாட்டு எல்லாவற்றுக்கும் இருக்கிற அதே சூத்திரம்தான். உடம்பு செய்கிற வேலைக்குத் தாளம் கொடுக்க வேண்டும், மூச்சு வாங்கினாலும் பாட வர வேண்டும், சங்கீதம் தெரியாதவனுக்கும் ஒருதரம் கேட்டால் ஒட்டிக்கொள்ள வேண்டும். நாட்டுப்பாட்டின் இலக்கணம் பிறக்கும்போதே அதற்குள் இருந்தது என்று சொல்லலாம்.

அந்த நடைப்பயணத்தைத் தடுக்கத் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஒரு உத்தரவு போட்டார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கொடுத்தது யார் என்று போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், தான் சவரம் செய்துகொண்டிருக்கிற ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே நிறுத்தி, மீதியைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்காக அவர் மேல் வழக்கு வந்தது. இன்றைக்கு வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. 'கத்தியின்றி' என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உரை கிடைக்குமா? கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்ததே அவருடைய போராட்டம்.

ஏப்ரல் 30-ல் அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்த ராஜாஜி கைதானார். ஆறு மாதச் சிறைத் தண்டனை. அதற்குப் பிறகும் தொண்டர்கள் அணி அணியாக வந்து உப்பெடுத்துக்கொண்டே இருந்தார்கள். இராமலிங்கம் பிள்ளையும் இயக்கத்தில் தீவிரமாக இருந்து, 1932-ல் ஒரு வருஷம் ஜெயிலுக்குப் போனார்.

ரத்தப் பாட்டு கேட்டு வளர்ந்த ஊர்

இந்தப் பாட்டு நம்ம பக்கத்து ஜனங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். போரைப் பற்றிய பாட்டு கொங்கு நாட்டுக்குப் புதுசு இல்லை. அண்ணன்மார் சாமி கதை இருக்கிறது. பொன்னர், சங்கர் கதையை உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் அதை முழுசாக ஒலிப்பதிவு செய்தார். படுகளம் வருகிற இடத்தில் கேட்கிறவர்களுக்கு அருள் வந்து விழுவதை இன்றைக்கும் பார்க்கலாம். கத்தியும் உண்டு, ரத்தமும் உண்டு, வஞ்சகமும் சாவும் உண்டு.

ஏட்டிலக்கியமும் அப்படித்தான். போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று ஜெயித்த வீரனைப் பாடுவதற்குப் பரணி என்று ஒரு தனி வகையே வைத்திருக்கிறோம். ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பிணக்களத்தில் கூழ் சமைத்துக் குடிக்கும்.

இப்படி ஒரு மரபில் வந்து நிற்கிறவர்களிடம் நாமக்கல் கவிஞர் வேறு ஒரு போர்ப்பாட்டைக் கொடுத்தார். போர் என்றதும் நம் நினைவுக்கு வருகிற ஆயுதம், விலங்குப் படை, கொலைவெறி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது இங்கே கிடையாது, இதுவும் கிடையாது என்று தள்ளிவைக்கிறது பாட்டு. கவிழ்த்துப் போட்ட பரணி என்று அதை நான் சொல்வேன். சத்தியாக்கிரகம் என்ற வடமொழிச் சொல்லை மேடையில் விளக்க ஒரு மணி நேரம் ஆகும். 'இல்லை, இல்லை' என்று சொல்லியே அதை ஒரு கட்டை வண்டிக்காரருக்கும் புரிய வைத்துவிட்டது இந்தப் பாட்டு. அதன் செல்வாக்குக்கு முதல் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது காரணம் காலம். அப்போது பாட்டு என்பது அரசியலின் பத்திரிகையாக இருந்தது. எழுத்தறிவு குறைவு, மைக் இல்லாத கூட்டங்கள் அதிகம். பாரதியின் பாடல்களை 1928-ல் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது என்றால் பாட்டுக்கு எவ்வளவு பயந்திருப்பார்கள் பாருங்க. விசுவநாத தாஸ் முருகன் வேஷத்தில் மேடையேறித் தேசியப் பாட்டுப் பாடி ஜெயிலுக்குப் போனார். கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் கிராமபோன் தட்டுகளில் தேசியப் பாட்டுகள் பாடினார். காலணா, அரையணாப் பாட்டுப் புஸ்தகங்கள் சந்தைகளில் விற்றன. நாடகமும் தட்டும் பாட்டுப் புஸ்தகமும் சேர்ந்து தேசிய இயக்கத்தைச் சுமந்து போன கதையை முதலில் முறையாக ஆராய்ந்து எழுதியவர் தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன். அவருடைய ஆங்கில நூல் 1981-ல் வந்தது. ஊர்வலமும் பஜனையும் இல்லாத நாளே இல்லாத அந்தக் காலத்தில், நடந்துகொண்டே பாடத் தோதான ஒரு பாட்டு பரவுவதற்குக் கேட்கவா வேண்டும்.

பேர் உதிர்ந்த விதம்

எழுதியவருக்கு மரியாதை கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1949-ல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர் ஆனார். அவர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலைக் கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு படமாக எடுத்தார். எம்.ஜி.ஆர். நடித்து 1954-ல் வந்த அந்தப் படம் ஜனாதிபதி விருதும் வாங்கியது. 1971-ல் பத்மபூஷண். 1972 ஆகஸ்ட் 24-ல் காலமானார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் இருக்கிற பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்றுதான் பேர். தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதற்குள் போய் வருகிறார்கள்.

இருந்தும் பாட்டு ஒரு பக்கம் போனது, பேர் ஒரு பக்கம் போனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழனைத் தலை நிமிர்ந்து நிற்கச் சொல்கிற, மேடைக்கு மேடை ஒலிக்கிற அந்தப் புகழ்பெற்ற வரியும் இவருடையதுதான். அதையும் பாரதி பேரிலோ பாரதிதாசன் பேரிலோ சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். நல்ல வரி என்றால் பெரிய பேருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் போல. ஔவையார் கணக்கில் எத்தனை பாட்டு ஏறியிருக்கிறது, அந்த மாதிரி. அவர் படைப்புகளை அரசாங்கம் நாட்டுடைமையாக்கியது. ஜனங்கள் அதற்கு முன்னாலேயே இந்தப் பாட்டை நாட்டுப்பாட்டாக்கிவிட்டார்கள்.

இது நம்ம ஊரில் மட்டும் நடக்கிறதா என்றால் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் கால்பந்து, ரக்பி ஆட்டங்களுக்கு முன்னால் எழுந்து நின்று பாடுகிற 'ஃபிளவர் ஆஃப் ஸ்காட்லாந்து' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1314-ல் பேனக்பர்ன் போர்க்களத்தில் ராபர்ட் புரூஸ் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டைத் தோற்கடித்ததைப் பாடுகிற பாட்டு. அவர்கள் பாடுவதைக் கேட்டால் எழுநூறு வருஷத்துப் பழைய பாட்டு என்றே தோன்றும். உண்மையில் 1960-களில் 'தி கோரீஸ்' என்ற நாட்டுப்பாட்டுக் குழுவின் ராய் வில்லியம்சன் எழுதி மெட்டமைத்தது. 1990 மார்ச் 17-ல் எடின்பரோ மர்ரேஃபீல்டு மைதானத்தில் இங்கிலாந்தை 13-7 என்று ரக்பியில் ஸ்காட்லாந்து ஜெயித்த அன்றைக்கு அரங்கமே சேர்ந்து பாடியது. அதே வருஷம் ஆகஸ்டில் வில்லியம்சன் இறந்துபோனார். எழுதி முப்பது வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அது 'பழைய பாட்டு' ஆகிவிட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே பாட்டு கைமாறினாலும் அர்த்தம் கைமாறவில்லை. எட்வர்டைத் திருப்பி அனுப்பினோம் என்பதுதான் அன்றைக்கும், இன்றைக்கும். நம்ம பாட்டுக்கு அப்படி இல்லை.

பலகையில் ஏறிய பாட்டு

கோயம்புத்தூர்ப் பக்கம் சுவர் விளம்பரங்களையும் நாளிதழ் விளம்பரங்களையும் கவனித்தால் தெரியும். மூலத்துக்கு லேசர் சிகிச்சை, சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை, கண்ணுக்குச் சிகிச்சை. மேலே கொட்டை எழுத்தில் 'கத்தியின்றி ரத்தமின்றி'. செய்தித்தாளில் நவீன அறுவை சிகிச்சை பற்றி எழுதினாலும் இதே தலைப்புதான். மொழிக்கு இது ஒரு வெற்றிதான், மறுக்கவில்லை. ஒரு கவிஞன் கட்டின தொடர் பழமொழி மாதிரி புழங்குவது சாதாரண விஷயமா?

ஆனால் அந்தப் பலகை என்ன சொல்கிறது? 'பயப்படாதீங்க, உங்களுக்கு வலிக்காது, உங்க ரத்தம் சிந்தாது' என்கிறது. பாட்டு சொன்னது இதற்கு நேர் எதிர். நம் கையில் கத்தி இருக்காது, எதிரியின் ரத்தத்தை நாம் சிந்த வைக்க மாட்டோம் என்றுதான் பாட்டு சொன்னது. நம்முடைய ரத்தத்துக்கு அது எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை. அடி விழும், வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் சத்தியாக்கிரகத்தின் விதியே. 1930 மே 21-ல் குஜராத்தின் தராசனா உப்பளத்தில் தொண்டர்கள் வரிசை வரிசையாகப் போய், தடுக்கக் கைகூடத் தூக்காமல் மண்டையில் தடியடி வாங்கி விழுந்ததை அமெரிக்க நிருபர் வெப் மில்லர் நேரில் பார்த்து உலகத்துக்கு எழுதினார்.

அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்? திருப்பூர் பக்கத்தில்தானே இருக்கிறது. சென்னிமலையில் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10-ல் திருப்பூர் வீதியில் தடை செய்யப்பட்ட கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். மறுநாள் உயிர் போய்விட்டது. வயது 27. பாட்டு பிறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கத்தி இல்லாத போரில் ரத்தம் யார் பக்கம் சிந்தும் என்பதற்கு நம்ம மண்ணின் பதில் அது.

கொங்குப் பக்கத்தில் எல்லாரும் எப்போதும் இந்தப் பாட்டின் வழியே நடந்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். 1942 ஆகஸ்டில் சிங்காநல்லூர் பக்கம் ரயில் கவிழ்க்கப்பட்டது. அதே மாதம் சூலூர் விமான தளம் எரிந்தது. பஞ்சாலைத் தொழிலாளிகளும் சுற்றுவட்டாரத்து ஜனங்களும் அதற்காக அனுபவித்த சிறையும் சித்திரவதையும் கொஞ்சமல்ல. கத்தியைக் கீழே வைப்பது எவ்வளவு கடினம் என்பதை இந்தச் சம்பவங்களை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது. பாட்டின் பெருமையை இது குறைக்காது. அது சுலபமான காரியத்தைச் சொன்ன பாட்டு இல்லை என்பதைத்தான் காட்டுகிறது.

பாட்டு நாட்டுப்பாட்டானதில் எனக்கு வருத்தம் இல்லைங்க. எழுதினவர் பேர் உதிர்வதுகூட ஒரு வகையில் கவிஞனுக்குக் கிடைக்கிற பெரிய பரிசு. ஆனால் அர்த்தம் உதிர்ந்தால் அது நஷ்டம். வலியைத் தாங்கிக்கொள்ளச் சொன்ன பாட்டை வலியே இல்லை என்கிற விளம்பரமாக மட்டும் அடுத்த தலைமுறை தெரிந்துகொண்டால், வைரப்பன் கீழே வைத்த கத்தியும் குமரன் சிந்தின ரத்தமும் அவர்களுக்கு எந்தக் கணக்கில் வரும்?

கவிஞரைப் பற்றி மேலே படிக்க விரும்புகிறவர்கள் அவருடைய தன்வரலாறான 'என் கதை'யிலிருந்து தொடங்கலாம். ஓட்டமான நடை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். என் அடுத்த வேலை இந்தப் பாட்டின் மெட்டு. அச்சில் இருப்பது சொல் மட்டும்தான். ஊருக்கு ஊர், பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் எப்படிப் பாடினார்கள் என்பது பெரியவர்கள் தொண்டையில்தான் இருக்கிறது. 1947-ல் பத்து வயசுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது 85-க்கு மேல். உங்க வீட்டு அப்பாருக்கோ அப்பத்தாவுக்கோ அந்த வயசு என்றால், சாயங்காலம் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லிக் கேளுங்க. போனில் பதிவு செய்து, எந்த ஊரில், யாரிடம் கத்துக்கிட்டாங்க என்பதையும் அதிலேயே சொல்ல வைத்துவிடுங்க. எனக்குத் தெரிந்து இந்தப் பாட்டுக்கு அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான்.